தூர்வாரும் முன் ஒரு குழாய் சேறு

ஓர் ஏரி கெட்டுவிட்டது என்று புகார் எழுந்தால், அடுத்து வரும் கேள்வி "முன்பு எப்படி இருந்தது?" என்பதுதான். நம் ஏரிகளில் பெரும்பாலானவற்றின் நீரை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரும் அளந்து எழுதி வைக்கவில்லை. அப்போதுதான் என்னைப் போன்ற படிவு ஆய்வாளர்களைத் தேடுகிறார்கள். ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகப் படியும் அடிச்சேற்றில் அந்தக் கணக்கு இருக்கும், யாரும் அதைக் கலைக்காதிருந்தால்.

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், காலோவே மலைப்பகுதியில் 'ரவுண்ட் லாக் ஆஃப் க்ளென்ஹெட்' என்றொரு சிறிய ஏரி இருக்கிறது. கருங்கல் பாறைமீது கிடப்பதால் அமிலத்தை முறிக்கும் சக்தி அதன் நீருக்குக் குறைவு. 1980களில் அந்த வட்டார ஏரிகள் அமிலமாகிப்போனதற்குக் காரணம் என்ன என்பதில் பெரிய சர்ச்சை. நிலக்கரிப் புகையால் வந்த அமில மழை என்றது ஒரு தரப்பு. ஊசியிலை மரங்களை நட்டதும் நிலப் பயன்பாடு மாறியதும்தான் என்றது மறு தரப்பு.

ஏரிப் படிவு ஆய்வாளர் ரிக் பேட்டர்பீயும் அவருடைய குழுவினரும் சேற்றிடம் கேட்டார்கள். டயாட்டம் என்ற நுண்பாசியின் ஓடு சிலிக்காவால் ஆனது. செத்தபின்னும் சேற்றில் நிலைத்திருக்கும். எந்த இனம் எவ்வளவு அமிலத்தில் வாழும் என்பது தெரிந்ததால், ஒவ்வோர் அடுக்கிலும் இனங்களை எண்ணினால் அக்கால நீரின் தன்மையைக் கணிக்கலாம். எண்ணியபோது, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை 5.5ஐ ஒட்டி இருந்த பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்), பிறகு 5க்குக் கீழே சரிந்தது தெரிந்தது. அந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில் காடு வளர்ப்பே நடக்கவில்லை. போதாததற்கு, மேலடுக்குகளில் ஈயமும் துத்தநாகமும் கூடியிருந்தன. நிலக்கரியும் எண்ணெயும் பெருவெப்பத்தில் எரியும்போது மட்டுமே உண்டாகும் உருண்டைக் கரித்துகள்களும் கிடைத்தன. மரம் தப்பியது, புகைபோக்கி மாட்டிக்கொண்டது.

அடுக்கின் வயதைச் சொல்வது ஈயம்-210. சுமார் 22 ஆண்டுகளில் பாதியாகும் இந்தக் கதிரியக்க ஈயத்தைக் கொண்டு ஒன்றரை நூற்றாண்டு வரை பின்னே போகலாம். அணுகுண்டுச் சோதனைகள் தூவிய சீசியம்-137, 1963ஐ ஒட்டி உச்சம் காட்டும். அது கணக்கைச் சரிபார்க்க உதவும்.

முழுக்க மக்காத தாவரங்கள் குவிந்த பீட் சதுப்புகள் இன்னும் நேர்மையான சாட்சி. மழை மட்டுமே ஊட்டும் சதுப்பில் வந்து விழுவதெல்லாம் வானத்திலிருந்து வந்தவை. சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைச் சதுப்பு ஒன்றில் வில்லியம் ஷாட்டிக் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ரோமானியர் ஈயம் உருக்கிய காலமும் ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலமும் தனித்தனியே தெரிந்தன. நம் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் பல்லாயிரம் ஆண்டுப் பீட் இருக்கிறது. அதை வடித்து உலர்த்தினால் காற்றுப் பட்டு மக்கிப்போகும். ஆவணமும் அதோடு போகும்.

தூர்வாருவதை நான் எதிர்ப்பதில்லை. வண்டலை வயலுக்கு அடிப்பது நம் பழைய வழக்கம். ஆண்டுதோறும் வற்றி மாடு மிதிக்கும் ஏரியில் அடுக்குகள் ஏற்கெனவே குழம்பியிருக்கும், அங்கே இழப்பும் குறைவு. வற்றாத மலை ஏரிகளின் நிலை வேறு. கொடைக்கானல் ஏரிச் சேற்றில் பாதரசம் பதிவாகியிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மீனின் உடலில் சேரும் மீத்தைல் பாதரசமாக மாற்றும். இயந்திரத்தை இறக்கிக் கிளறினால் புதைந்து கிடந்தது மேலே வரும். தோல் பதனிடும் கழிவு சேர்ந்த ஏரியின் வண்டலையும், குரோமியம் என்ற உலோகம் அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் வயலில் கொட்டக் கூடாது.

ஆகவே உங்கள் ஊரில் தூர்வாரும் திட்டம் வந்தால் கிராம சபையில் ஒன்று கேளுங்கள்: வேலை தொடங்கும் முன், ஆழமான, கலையாத இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகிச் சேற்றை எடுக்க முடியுமா? எடுத்ததும் இரு முனைகளையும் மூடி, மேல் எது, கீழ் எது என்று குறித்து, நிமிர்த்தியே வைத்து, குளிரில் பாதுகாத்து, அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவி அறிவியல் துறைக்குச் சொல்லி அனுப்பினால் போதும். இடமும் தேதியும் குழாயிலேயே எழுதியிருக்கட்டும்.