மீதியில் பிறந்த எல்லை: சென்னைக்கு மூன்று எம்.பி. வந்த கணக்கு

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் குடியிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் சோழிங்கநல்லூர் எங்கே, மயிலாப்பூர் எங்கே? நடுவில் அடையாறே ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே எம்.பி. எப்படி?"

பலரும் இதில் அரசியல் இருக்கும் என்று நினைப்பார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை மூன்றாம் வகுப்பு வகுத்தலில் இருக்கிறது. அதிலும் ஈவில் பாதி, மீதியில் பாதி.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 இடம், சட்டமன்றத்தில் 234 இடம். 234ஐ 39ஆல் வகுத்தால் சரியாக 6. ஆகவே ஒவ்வொரு எம்.பி. தொகுதியும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளின் கூட்டு. ஒரு சட்டமன்றத் தொகுதியை வெட்டி இரண்டு எம்.பி.க்களுக்குப் பங்கு போடக் கூடாது என்பது சட்டம். மாநிலங்களுக்கு எத்தனை இடம் என்பது 1971 மக்கள்தொகைக் கணக்கோடு உறைந்து நிற்கிறது. மாநிலத்துக்குள் எல்லைகளை மட்டும் 2001 கணக்கை வைத்து, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் மாற்றி வரைந்தது. 2009 தேர்தலில் இருந்து நாம் வாக்களிப்பது அந்த வரைபடத்தில்தான்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். 2001ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. இதை 234ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,66,700. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு இத்தனை பேர் என்பதுதான் அளவுகோல். இது வாக்காளர் எண்ணிக்கை இல்லை, மக்கள் எண்ணிக்கை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் இதில் ஒரு தலை. சொந்த ஊரில் ஓட்டை வைத்துக்கொண்டு இங்கே வாடகை அறையில் தங்கியிருப்பவரும் ஒரு தலை.

அதே ஆண்டில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 43,43,645. அளவுகோலால் வகுத்துப் பாருங்கள்: 16.29. சென்னை மாவட்டத்துக்குக் கிடைத்தது 16 சட்டமன்றத் தொகுதி. திருவள்ளூர் மாவட்டத்துக்கு 10.33 வருகிறது, கிடைத்தது 10. காஞ்சிபுரத்துக்கு 10.79, கிடைத்தது 11. முதல்முறை காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது மூன்றும் அடுத்தடுத்துப் பொருந்தி வந்ததைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். முந்தைய வரையறைக்கும் இது பொருந்துகிறது. 1971ல் சென்னை நகரத்தில் 24,69,449 பேர், மாநில அளவுகோல் 1.76 லட்சம். ஈவு 14.03. பழைய சென்னைக்கு இருந்தவை 14 தொகுதிகள்.

அடுத்த வகுத்தலில்தான் வாசகியின் வீடு வருகிறது. 16 சட்டமன்றத் தொகுதிகளை ஆறு ஆறாகக் கட்டினால் இரண்டு கட்டு போக மீதி நான்கு. மூன்றாவது எம்.பி. தொகுதிக்கு இரண்டு குறைகிறது. சட்டமன்றத் தொகுதிகளை மாவட்ட எல்லைக்குள்ளேயே அடக்கிய ஆணையம், எம்.பி. தொகுதிகளை மாவட்டம் தாண்ட விட்டது. அதனால் வடக்கே திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து திருவொற்றியூரும், தெற்கே அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சோழிங்கநல்லூரும் வந்து சேர்ந்தன. திருவொற்றியூர் வட சென்னைக்குப் போனது. சோழிங்கநல்லூர் வேளச்சேரி, சைதாப்பேட்டை, விருகம்பாக்கம், தியாகராய நகர், மயிலாப்பூரோடு தென் சென்னை ஆனது. நடுவில் இருக்கும் மத்திய சென்னையின் ஆறும் மாவட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன.

"அந்தத் தொகுதி அவருக்கு ராசியானது" என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அண்ணா 1967ல் வென்ற தென் சென்னையும் இன்றைய தென் சென்னையும் பெயரால்தான் ஒன்று. 2009க்கு முன்னால் அதில் தாம்பரமும் ஆலந்தூரும் இருந்தன. இப்போது அவை ஸ்ரீபெரும்புதூரில். வகுத்தல் ஒவ்வொரு முறையும் நிலத்தை மாற்றிவிடுகிறது. அதில் ராசி எங்கே போய் ஒட்டிக்கொள்ளும்?

இந்தக் கணக்கின் பலவீனம், அதன் எண்கள் பழசாகிவிடுவது. நகரங்கள் நடுவில் நிரம்பிய பிறகு ஓரத்தில் வீங்கும். 2001க்கும் 2011க்கும் இடையில் சென்னை மாவட்டம் வளர்ந்தது 7 சதவீதம், காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம். விளைவு, 2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூரில் ஏறக்குறைய 7 லட்சம் வாக்காளர்கள், துறைமுகம் தொகுதியில் 2 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் ஒரே ஒரு எம்.எல்.ஏ.

ஆனால் எம்.பி. அளவில் பாருங்கள். 2024ல் தென் சென்னையில் 20 லட்சத்துக்குச் சற்று மேல், மத்திய சென்னையில் சுமார் 13.5 லட்சம். நான்கு மடங்காக இருந்த ஏற்றத்தாழ்வு ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. ஆறு தொகுதிகளைக் கூட்டும்போது ஒன்றின் மிகை மற்றவற்றில் கரைகிறது. ஆய்வகத்தில் ஓர் அளவீட்டை ஆறு முறை எடுத்துச் சராசரி பார்ப்பது இதே காரணத்துக்காகத்தான். ஆனாலும் ஒன்றரை மடங்கு என்பது சின்ன வேறுபாடு இல்லை.

2021ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு எடுக்கப்போவதாக 2025 ஜூனில்தான் அறிவித்தார்கள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. ராக்கெட்டுக்குச் செலவு செய்தால் கைதட்டுகிறோம், அதில் தவறில்லை. வீடு வீடாகப் போய்த் தலை எண்ணுவதும் அறிவியல்தான், அதற்கும் நேரத்துக்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் எடுத்த நாடு நம்முடையது.

அப்புறம் வாசகிக்கு ஒரு வார்த்தை. 2011 மக்கள்தொகையை வைத்து அளவுகோலை மறுபடி போட்டாலும் ஒரு தொகுதிக்கு 3.08 லட்சம் பேர்தான் வருகிறது. உங்கள் தொகுதியில் 2021லேயே வாக்காளர்கள் மட்டுமே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தார்கள். அடுத்த வரையறையில் சோழிங்கநல்லூர் ஒரே துண்டாக இருக்க வழியில்லை. வெட்டு உங்கள் தெருவுக்கு எந்தப் பக்கம் விழும் என்பது வார்டு வாரியான எண்கள் வந்த பிறகுதான் தெரியும்.