ஏற்றிய நீர் எங்கே போகிறது?

ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு டிரிப்ஸ் ஏறினால் "குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்றுதான் சொல்வோம். பல நேரம் அங்கே தொங்குவது குளுக்கோஸே இல்லை, சலைன்: லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த நீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உடம்புக்குள் போய்ச் சேரும் இடம்தான் வேறு.

70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 28 லிட்டர் செல்களுக்குள். மீதி 14 லிட்டரிலும் பெரும்பகுதி செல்களைச் சுற்றியுள்ள இடைவெளிகளில். ரத்தக்குழாய்களுக்குள் பிளாஸ்மாவாக, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியாக, ஓடுவது 3 லிட்டர் சொச்சம்தான்.

சலைனில் உள்ள உப்பைச் செல்கள் உள்ளே தங்க விடுவதில்லை. ஆனால் ரத்தக்குழாயின் மெல்லிய சுவரை அது சுலபமாகத் தாண்டிவிடும், நீரும் கூடவே போகும். அதனால் ஒரு லிட்டர் ஏற்றினால், கொஞ்ச நேரம் கழித்து ரத்தக்குழாயில் மிஞ்சுவது கிட்டத்தட்ட கால் லிட்டர். வீங்கிய கணுக்காலை விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதே, அங்கே தேங்கியிருப்பது இப்படி வெளியே கசிந்த நீர். 5 சதவீத குளுக்கோஸ் என்றால் இன்னும் மோசம். சர்க்கரையைச் செல்கள் எடுத்துக்கொள்ள, மிஞ்சும் நீர் உடம்பெங்கும் பரவிவிடும்; ரத்தக்குழாயில் பத்தில் ஒரு பங்குகூட நிற்காது.

இதனால்தான் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மணிக்கணக்கில் எழுதி வைக்கிறார்கள். பெரியவர்களுக்குச் சிறுநீர் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும். வியர்வையையும் மூச்சில் போகும் ஈரத்தையும் அளக்க முடியாது. அதற்கு எடை மெஷினைவிட நம்பகமான துணை இல்லை: ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால், கூடியது சதையல்ல, ஒரு லிட்டர் நீர்.

சரி, ரத்தம் எப்போது? சலைன் குழாயை நிரப்பும், ஆக்சிஜனைச் சுமக்காது. அதைச் சுமக்கச் சிவப்பணுக்கள் வேண்டும். ஒரு யூனிட், அதாவது ஒரு பை, ஏற்றினால் ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 1 கிராம் உயரும். ரத்தக்கசிவோ இதய நோயோ இல்லாமல் நிலையாக இருப்பவருக்கு, 7 கிராமுக்குக் கீழே இறங்கும்வரை பொதுவாகத் தேவைப்படாது. சோர்வு போகட்டும் என்று ஒரு பாட்டில் கேட்பது தவறு.

ரத்த வகைகளை 1901இல் கார்ல் லேண்ட்ஸ்டைனர் விளக்கினார். ஏ வகைக்காரரின் பிளாஸ்மாவில் பி வகை அணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் இயல்பாகவே இருக்கும். ரத்தப் பை மாறி வேறு வகை ஏறினால் சில நிமிடங்களிலேயே அணுக்கள் உடையத் தொடங்கும். குளிர் நடுக்கம், முதுகுவலி, கருஞ்சிவப்புச் சிறுநீர், சிறுநீரகப் பாதிப்பு. ஆள் மாறிப் போவதுதான் இதற்கு முக்கியக் காரணம். எனவே "நீங்கதானே இவர்?" என்று கேட்கக் கூடாது, "உங்க பேர் என்ன?" என்றே கேட்க வேண்டும். முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. சிவப்பணுக்கள் சலைன் போலக் கசிந்து வெளியேறாது. ஏற்றியது ரத்தக்குழாய்க்குள்ளேயே நிற்கும். இதயம் பலவீனமான முதியவருக்குச் சரியான வகை ரத்தமே வேகமாக ஏறினாலும் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அவருக்குச் சொட்டின் வேகத்தைக் குறைத்து, நான்கு மணி நேரத்துக்குள் முடியும்படி பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்குகிறதா என்று இடையிடையே கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.