மாடித்தோட்ட கிட்: அரசு எதைத் தருகிறது, எதை நாம் வாங்க வேண்டும்

மாடியில் காய்கறி வளர்க்க அரசு மானியத்தில் தரும் பொருள்களின் தொகுப்புக்குத் தோட்டக்கலைத் துறையின் காகிதங்களில் பெயர் 'மாடித்தோட்டத் தளை'. ஆனால் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் "கிட் வந்துடுச்சா சார்?" என்றுதான் கேட்கிறார்கள். சாரும் கிட் என்றே பதில் சொல்கிறார். இங்கேயும் கிட் என்றே வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் 'தளை' என்றோ 'தொகுப்பு' என்றோ இருந்தால் குழம்பாதீர்கள், இதே சாமான்தான்.

வீட்டில் காய்கறி வளர்ப்பதற்குத் தமிழக அரசு தரும் உதவி ஒரே திட்டமாக இருந்ததில்லை. 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் பாதி மானியத்தில் கிட் கொடுத்துத் தொடங்கினார்கள். அதன் பிறகு பெயரும் விலையும் உள்ளே இருக்கும் பொருளும் பலமுறை மாறிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் "225 ரூபாய்க்கு வாங்கினேன்" என்பார், அவருடைய மைத்துனர் "எனக்கு இலவசமாகவே கிடைத்தது" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவரும் வாங்கியது வெவ்வேறு திட்டத்தில்.

225 ரூபாய் கணக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம்'. அதில் மூன்று வகை இருந்தன. நகரத்துக்காரர்களுக்கு மாடித்தோட்ட கிட்: மதிப்பு 900 ரூபாய், மானியம் 75 சதவீதம், நாம் கட்டியது 225. கிராமத்துக்காரர்களுக்கு 12 வகைக் காய்கறி விதைகள் கொண்ட பை, 15 ரூபாய். மூன்றாவது, பப்பாளி, எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, திப்பிலி, கற்பூரவல்லி, புதினா, சோற்றுக்கற்றாழை என எட்டுச் செடிகள் கொண்ட ஊட்டச்சத்துத் தளை, 25 ரூபாய்.

இலவசக் கணக்கு வேறு. 2025 ஜூலை 4 அன்று 'ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம்' தொடங்கியது. இதில் முழு மானியம், அதாவது நாம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வாங்கும் பொட்டலத்தைப் பிரித்தால் பையும் இல்லை, தென்னை நார்க் கட்டியும் இல்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என்று ஆறு வகை விதை மட்டும். இதோடு பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் ஒரு தொகுப்பு. துவரை, காராமணி, அவரை விதைகள் இன்னொரு தொகுப்பு. மானியம் ஏற ஏற மூட்டை இளைத்துவிட்டது என்று சொல்லலாம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

யாருக்குக் கிடைக்கும்?

இதில் நல்ல விஷயம், பட்டா, சிட்டா எதுவும் தேவையில்லை. விவசாயியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் கேட்கலாம். ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் இருந்தால் பதிவு முடிந்துவிடும். நேரில் போகும்போது ஆதார் நகலையும் ஒரு புகைப்படத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டாவது நடை மிச்சமாகும். வாடகைக்கு இருப்பவர்கள் அரசிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை, வீட்டுக்காரரிடம் வாங்க வேண்டும். மொட்டை மாடியில் ஈரம் இறங்கும் என்று பயப்படாத வீட்டுக்காரர் இன்னும் பிறக்கவில்லை. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பையைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

பதிவு செய்ய மூன்று வழி. உழவன் செயலி, தோட்டக்கலைத் துறையின் இணையதளம், இல்லாவிட்டால் உங்கள் வட்டாரத்துத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். இந்த அலுவலகம் பல ஊர்களில் வேளாண்மை விரிவாக்க மையத்தின் வளாகத்திலேயே இருக்கும். இணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருப்பதைவிட, பதிந்த பிறகு ஒரு முறை நேரில் தலைகாட்டிவிட்டு, உங்கள் பகுதிக்கான உதவி தோட்டக்கலை அலுவலரின் எண்ணை வாங்கிக்கொண்டு வருவது மேல். சரக்கு என்றைக்கு வருகிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஏன் இந்த அவசரம்? எண்ணிக்கையைப் பாருங்கள். 2025இல் விதைத் தொகுப்புக்கு வைத்த இலக்கு 15 லட்சம் குடும்பங்கள். பழக்கன்றுக்கு 9 லட்சம். தமிழ்நாட்டில் குடும்ப அட்டைகள் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேல். எல்லாருக்கும் உரிமை உண்டு, ஆனால் எல்லாருக்கும் போதுமான பொட்டலம் இல்லை. 2021 திட்டத்தில் மாடித்தோட்ட கிட் மொத்தமே ஒரு லட்சம்தான். விலையும் ஒதுக்கீடும் ஆண்டுதோறும் வேளாண் நிதிநிலை அறிக்கையை ஒட்டி மாறுவதால், போன வருடக் கணக்கை நம்பிப் போகாமல் இந்த வருடம் என்ன தொகுப்பு, என்ன விலை என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

900 ரூபாய் கிட்டில் என்ன இருந்தது?

ஆறு வளர்ப்புப் பைகள். தலா இரண்டு கிலோ எடையில் ஆறு தென்னை நார்க் கட்டிகள். ஆறு வகை விதை. 400 கிராம் உயிர் உரம். 200 கிராம் உயிரிக் கட்டுப்பாட்டுப் பொருள். 100 மில்லி வேம்புப் பூச்சிமருந்து. ஒரு கையேடு. நார்க் கட்டி மட்டுமே 12 கிலோ. பஸ்ஸில் போய் வாங்கலாம் என்று கிளம்பாதீர்கள்.

நார்க் கட்டியிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் முதல் தோல்வி இங்கேதான் நடக்கிறது, எனக்கும் நடந்தது. கட்டியைத் தண்ணீரில் போட்டேன், மாவு மாதிரிப் பொங்கி உதிர்ந்தது, அப்படியே பையில் நிரப்பி விதை போட்டேன். முளைத்ததெல்லாம் இரண்டு இலையோடு மஞ்சளாகி நின்றுவிட்டது. விதையைத் திட்டினேன். தப்பு விதையில் இல்லை. தென்னை நாரில் உப்பும் துவர்ப்புச் சத்தும் இருக்கும். ஊறவைத்த தண்ணீர் தேநீர் நிறத்தில் வருவது அதனால்தான். அந்த நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றிப் பிழிய வேண்டும். அதோடு, நார் ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர செடிக்குச் சாப்பாடு போடாது. சம அளவு மண்ணும் மக்கிய சாணமோ மண்புழு உரமோ கலந்தால்தான் அது தொட்டி மண்ணாகும். கிட்டில் எரு கிடையாது, மண்ணும் கிடையாது. அவை உங்கள் செலவு.

உயிர் உரம் என்று இரண்டு பொட்டலம் இருக்கும். அசோஸ்பைரில்லம் காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்து வேருக்குத் தருகிற நுண்ணுயிர். பாஸ்போபாக்டீரியா மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்துக் கொடுக்கிறது. மூன்றாவது பொட்டலம்தான் உயிரிக் கட்டுப்பாட்டுப் பொருள்: டிரைக்கோடெர்மா விரிடி, வேரழுகலையும் நாற்றழுகலையும் தடுக்கும் பூஞ்சை. மூன்றும் உயிருள்ளவை. வெயிலில் வைத்தால் செத்துப்போகும், ரசாயன உரத்தோடு கலந்தாலும் அதே கதி. பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் பார்த்து, ஈரமான எருவோடு பிசைந்து பைகளில் போட்டுவிடுங்கள். அடுத்த வருடத்துக்கு ஆகும் என்று பரணில் ஏற்றினால் வெறும் தூள்தான் மிஞ்சும். வேம்பு மருந்தை லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லி வீதம் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, சாயங்காலம் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும்.

இனி, பொட்டலம் இளைத்ததில் எனக்கு ஏன் வருத்தம் இல்லை என்பது. பையும் நாரும் ஊரில் எங்கும் விற்கிறது. பழைய பெயின்ட் வாளியில் நாலு ஓட்டை போட்டால் அதுவும் பைதான். அரசு கொடுத்தால் மட்டுமே நிம்மதி என்று சொல்லக்கூடியது விதை. விதை உறையில் பரிசோதித்த நாளும் காலாவதி நாளும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் அந்தச் சான்று செல்லும். வாங்கும்போதே உறையைத் திருப்பிப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆறு பைக்கு ஆறு விதையா?

கிட்டை வடிவமைத்தவர்கள் பைக்கு ஒரு வகை என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. நாலு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஆறு பையில் அது எந்த ஜென்மத்திலும் வராது. ஒரு பையில் ஒரே கத்தரிச் செடிதான் நிற்கும், இரண்டு வெண்டைச் செடி ஒரு வேளைப் பொரியலுக்கே திணறும். ஆனால் கீரை வேறு கணக்கு. சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும், அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். கடையில் வாங்கும் கட்டு மதியத்துக்குள் வாடுகிறது. மாடியிலிருந்து பறித்தது அப்படியே சட்டிக்குப் போகிறது. எனவே ஆறில் மூன்று பையாவது கீரைக்கு, அதுவும் பத்து நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும். கீரை விதை பொடி. மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. மிச்சப் பைகளில் மிளகாய் ஒன்று, தக்காளி ஒன்று, வெண்டை ஒன்று.

பச்சையாகத் தின்னும் இலைக்கு ஆசைப்பட்டு லெட்டூஸ் விதை வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஊட்டியில் நன்றாக வரும். சென்னை வெயிலில் பூத்தண்டு கிளப்பி இலை கசந்துவிடும். மார்கழி, தையில் வேண்டுமானால் முயலலாம். வெள்ளரிக்காயோடு போட்டுத் தின்ன வெந்தயக்கீரை இளந்தளிர், கொத்தமல்லி, வல்லாரை இருக்கிறதே. வெந்தயத்துக்கு கிட்கூட வேண்டாம், அஞ்சறைப் பெட்டி போதும்.

தக்காளி, கத்தரி, மிளகாயை நேரடியாகப் பையில் விதைக்காமல் தனியாக நாற்று விட்டு, சுமார் ஒரு மாதத்தில் பிடுங்கி நடுங்கள். வெண்டையும் கொத்தவரையும் நேரடி விதைப்பு. பால்கனியில் ஐந்து மணி நேர வெயில்கூட விழாவிட்டால் தக்காளியை மறந்துவிட்டுக் கீரை, புதினாவோடு நிறுத்திக்கொள்ளலாம். விதை எப்படியும் மிஞ்சும். ஒரு கிராம் தக்காளியில் சுமார் முந்நூறு விதை இருக்கும், உங்களுக்கு வேண்டியது நாலு. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள், அல்லது பட்டியலில் பெயர் வராத பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

பழக்கன்றுத் தொகுப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடுக்குமாடிக்காரர்கள் இலவசம் என்பதற்காகவே வாங்கிவிடுகிறார்கள். கொய்யாவும் எலுமிச்சையும் வளர்ப்புப் பையில் அடங்காது. பெரிய டிரம் வேண்டும், அந்த டிரம்மில் ஈரமண் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும், தளத்தின் நடுவில் வைக்காமல் கீழே தூணோ சுவரோ தாங்கும் இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். காலடி மண் இல்லாதவர் அந்தக் கன்றை ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக் கொல்லைக்கு அனுப்புவதே நல்லது.

ஆடிப்பட்டத்துக்கு விதைக்க வேண்டுமானால் வைகாசியிலேயே பதிவு செய்யுங்கள். ஆவணி, புரட்டாசியில் கைக்கு வந்தாலும் நஷ்டமில்லை. ஆனால் ஐப்பசி மழை தொடங்கும் முன் பைகளின் அடி ஓட்டைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று குச்சி விட்டுப் பார்த்துவிடுங்கள். நாற்று வெயிலில் வாடினால் தண்ணீர் ஊற்றி எழுப்பிவிடலாம். இரண்டு நாள் தண்ணீர் தேங்கிய பையில் வேர் அழுகிவிடும், அழுகிய பிறகு அதற்கு கிட்டில் மருந்து இல்லை.