சைன் வரைபடம் மலைத்தொடர் அல்ல

விடைத்தாள் திருத்தும்போது சைன் வரைபடம் வரும் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நின்றுவிடுவேன். மாணவருக்குப் பாடம் புரிந்ததா, படம் மனப்பாடமா என்று அந்த ஒரு கோடே காட்டிக்கொடுத்துவிடும். மனப்பாடம் என்றால் அங்கே ஒரு மலைத்தொடர் இருக்கும்: கூரான உச்சி, நேரான சரிவு, அதேபோல் கூரான பள்ளம். 0, 90, 180, 270, 360 பாகைகளுக்கான ஐந்து புள்ளிகளும் சரியாகத்தான் இருக்கும். அவற்றை ஸ்கேல் வைத்து இணைத்திருப்பார்கள்.

அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 0 பாகையில் கிளம்பினால் 30 பாகையிலேயே சைன் 0.5ஐத் தொட்டுவிடும். உச்சிக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்குதான் கடந்திருக்கிறோம், அதற்குள் பாதி உயரம் ஏறியாகிவிட்டது. 60 பாகையில் 0.866. கடைசி 30 பாகைக்கு மிச்சம் இருப்பது வெறும் 0.134. முதலில் விறுவிறுவென ஏறி, உச்சியை நெருங்க நெருங்கத் தயங்குகிற கோடு அது. அப்படித் தயங்குகிற கோட்டுக்குக் கூரான உச்சி எங்கிருந்து வரும்?

ஏன் தயங்குகிறது? ஓரலகு வட்டத்தில், அதாவது ஆரம் 1 உள்ள வட்டத்தில், ஒரு புள்ளி சீரான வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம் சைன், மையத்திலிருந்து பக்கவாட்டில் அது இருக்கும் தூரம் கொசைன். வலக்கோடியில் கிளம்பும்போது புள்ளி நேர் மேலே போகிறது, அதனால் அதன் ஓட்டம் முழுக்க உயரமாகிறது. வட்டத்தின் உச்சிக்கு அருகில் அதே புள்ளி பக்கவாட்டில்தான் நகர்கிறது, உயரம் கூடுவதில்லை. அங்கே வேகமாக மாறுவது கொசைன். இதைப் பார்த்துவிட்டால் 'சைன் 0இல் தொடங்கும், கொசைன் 1இல் தொடங்கும்' என்று தனியாக உருப்போட வேண்டியதில்லை. (499ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர் இந்த உயரத்தை நாணின் பாதி என்றுதான் பார்த்தார். நாணைக் குறிக்கும் 'ஜ்யா' அரபிக்குப் போய், அங்கே வேறு சொல்லாக வாசிக்கப்பட்டு, லத்தீனில் 'சைனஸ்' ஆனது தனிக்கதை.)

நம்பாதவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். தடித்த மெழுகுவர்த்தியில் காகிதத்தை இரண்டு மூன்று சுற்று சுற்றி, கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. பிறகு காகிதத்தை விரித்தால் ஓரத்தில் அசல் சைன் அலை நிற்கும். மலைத்தொடர் வரைகிறவர்கள் இதற்கப்புறம் பெரும்பாலும் திருந்திவிடுகிறார்கள்.

அடுத்த சிக்கல் நம் கலைச்சொற்களாலேயே வருவது. வீச்சு வேறு, வீச்சகம் வேறு. y = 3 sin x + 2 என்றால் வீச்சு 3. நடுக்கோட்டிலிருந்து அலை எவ்வளவு மேலே போகிறது என்பது அது. இங்கே நடுக்கோடு y = 2. ஆகவே அலை −1க்கும் 5க்கும் இடையில் ஆடும், அதுதான் வீச்சகம். வீச்சு 5 என்று எழுதுகிற கை நிறைய உண்டு. −3 sin x வந்தால் வீச்சு −3 என்பார்கள். வீச்சு எதிர்மறை ஆகாது, அலைதான் தலைகீழாகும்.

நகர்த்தலில் இன்னும் மோசம். sin(2x − 60°) எவ்வளவு நகர்ந்திருக்கிறது? வகுப்பே ஒரே குரலில் 60 என்று சொல்லும். நான் சூத்திரம் தருவதில்லை, ஒரு கேள்விதான்: அடைப்புக்குள் இருப்பது எப்போது பூச்சியமாகும்? x = 30° ஆகும்போது. சரி, அலை அங்கேதான் தொடங்குகிறது, நகர்வு 30° வலப்பக்கம். ஒரு முழு அலைக்கு 2x 360° போக வேண்டும், x 180° போனாலே போதும். sin(x + 90°) ஏன் இடப்பக்கம் நகர்ந்து கொசைனாகிறது என்பதற்கும் இதே கேள்வியைக் கேட்டால் விடை வந்துவிடும்.

கால்குலேட்டர் விஷயத்தில் நானும் அவமானப்பட்டிருக்கிறேன். ஒருமுறை வகுப்பில் sin 30 போட்டுப் பார்த்துக் காட்டினேன், −0.988 என்று வந்தது. கருவி பாகைக்குப் பதிலாக ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருந்தது, அது 30ஐ 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து கணக்கைத் தொடுவதற்கு முன் sin 90 தட்டிப் பார்க்கிறேன். 1 வராவிட்டால் பாகையில் இல்லை என்று அர்த்தம்.

ஆனால் பாகையில் சரியாக வைத்த கருவியும் முழு விடை தராத இடம் ஒன்று உண்டு. sin x = 0.5 என்ற சமன்பாட்டுக்கு அது 30° என்று மட்டும் காட்டும். தேர்வில் பாதி மதிப்பெண் அங்கேயே போய்விடும். வரைபடத்தில் 0.5 உயரத்தில் கிடையாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஏறும்போது ஒரு வெட்டு, இறங்கும்போது இன்னொன்று. இரண்டாவது வெட்டு, உச்சியான 90°க்கு அந்தப் பக்கம் அதே 60° தள்ளி, 150°இல் இருக்கிறது.