பழைய லாரியின் ஆயில் பிரஷர் மீட்டர்: முள்ளை எவ்வளவு நம்பலாம்?

ஆயில் பிரஷர் முள் கீழே கிடந்தால் சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். "சென்சாரை மாத்திப் போட்டு ஓட்டுங்க" என்பது ஒன்று. "பேரிங் போயிருச்சு, இன்ஜினை இறக்குங்க" என்பது மற்றொன்று. இரண்டுமே சோதிக்காமல் சொல்லும் தீர்ப்பு. அதைவிட ஆபத்தான முள் ஒன்று இருக்கிறது. எப்போதும் மேலேயே நின்றுகொண்டு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று காட்டும் முள். அதை யாரும் பட்டறைக்குக் கொண்டுவருவதில்லை.

முதலில் அந்த முள் எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். ஆயில் பம்ப் ஆயிலைத் தள்ளும் வேலையை மட்டுமே செய்கிறது. அந்த ஆயில் மெயின் பேரிங்குக்கும் அதில் சுழலும் கிராங்க் தண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியில் நுழைந்து வெளியேறத் திணறும்போதுதான் பிரஷர் பிறக்கிறது. இடைவெளி இரண்டு மடங்கானால், அதே பிரஷரில் வெளியேறும் ஆயில் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. பேரிங் கொஞ்சம் தேய்ந்தாலும் பிரஷர் சட்டென இறங்குவது இதனால்தான். சூடும் கணக்கில் வரும். 15டபிள்யூ-40 ரக ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டியில் சுமார் ஏழில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே நின்ற முள், லோடு ஏற்றிக்கொண்டு ஒரு மலைப்பாதை ஏறியதும் ஐடிலிங்கில் தாழ்வது இயற்கை. ரேஸ் கொடுத்ததும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

மீட்டர் போர்டைக் கழற்றி, ஆயில் மீட்டரின் முதுகைப் பாருங்கள். மெல்லிய குழாய் வந்து சேர்ந்தால் அது மெக்கானிக்கல் மீட்டர். வயர் மட்டும் வந்தால் எலெக்ட்ரிக்.

மெக்கானிக்கல் மீட்டருக்குள் இருப்பது பிரான்சின் யூஜின் போர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய். தட்டையாக்கி அரைவட்டமாக வளைத்த குழாய்க்குள் ஆயில் அழுத்தும்போது அது நிமிரப் பார்க்கும். அந்த அசைவைச் சிறு பற்சக்கரம் முள்ளுக்குக் கடத்தும். கெட்டுப்போக இதில் அதிகமில்லை. இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, மீட்டர் பக்க நட்டைத் துணி சுற்றிக் கொஞ்சம் தளர்த்துங்கள். சுடும் ஆயில், கை பத்திரம். ஆயில் விடாமல் கசிந்தும் முள் அசையவில்லை என்றால் மீட்டர் போய்விட்டது. கசியவே இல்லை என்றால் இன்ஜின் பக்க முனையைப் பார்க்க வேண்டும்: குழாய் கசடில் அடைத்திருக்கும், அல்லது கேபினுக்குள் நுழையும் ஓட்டையில் நசுங்கியிருக்கும். செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும் சுபாவம் உள்ளது. இன்ஜின் அருகே இரண்டு சுற்று வளையம் விட்டுப் பொருத்தினால் நீண்ட நாள் தாங்கும்.

எலெக்ட்ரிக் மீட்டரில்தான் குழப்பம் அதிகம். இன்ஜினில் திருகிய சென்சாருக்குள் ஒரு சவ்வுத் தகடு. பிரஷர் ஏற ஏற அது மேலெழுந்து, தடைக் கம்பிச் சுருளின் மேல் ஒரு முனையை நகர்த்தும். தடை மாறினால் கரன்ட் மாறும், முள் நகரும். சந்தையில் இரண்டு இனம் பரவலாக உண்டு. ஐரோப்பிய வகையில் பிரஷர் இல்லாதபோது தடை 10 ஓம், முழு அளவில் 184 ஓம். அமெரிக்க வகை நேரெதிர்: பிரஷர் இல்லாதபோது 240 ஓம், முழு அளவில் 33 ஓம். நாலு கை மாறிய வண்டியில் மீட்டர் ஒரு இனமும் சென்சார் ஒரு இனமுமாகக் கிடப்பது அபூர்வமல்ல. அப்படி இருந்தால் இன்ஜின் நிற்கும்போது முள் உச்சியில் இருக்கும். ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்தால் இறங்கும்.

இந்த வேறுபாடு தெரியாமல் வயரைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓடவிடாமல், சென்சார் வயரைக் கழற்றுங்கள். ஐரோப்பிய வகையில் முள் உச்சிக்குப் போக வேண்டும்; அமெரிக்க வகையில் அடியிலேயே கிடக்க வேண்டும். பிறகு வயரை இன்ஜின் இரும்பில் ஒரு நொடி தொடுங்கள். முன்னதில் முள் அடிக்கு வரும், பின்னதில் உச்சிக்குத் தாவும். இரண்டும் சரியாக நடந்தால் மீட்டரும் வயரும் பெரும்பாலும் நல்லவை. சந்தேகம் சென்சார் மேலும் எர்த் மேலும்தான். முள் மெதுவாக ஊர்ந்து நகரும் பழைய மீட்டர்களில் வயரை எர்த்தில் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, உள்ளே உள்ள சூட்டுக் கம்பி கருகும். அவற்றுக்கும், மீட்டர் அளவு தப்பிக் காட்டுகிறதா என்று பார்க்கவும், 2 வாட் ரெசிஸ்டர்களே நல்லது. ஐரோப்பிய வகை மீட்டரின் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 10 ஓம் கொடுத்தால் முள் பூஜ்யத்திலும், 100 ஓமில் நடுவாக்கிலும், 180 ஓமில் உச்சியை ஒட்டியும் நிற்க வேண்டும். கனரக லாரி 24 வோல்ட் என்பதை மறந்து 12 வோல்ட் மீட்டரை மாட்டுவதும் நடக்கிறது. அதற்கு இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை, புகையே சொல்லிவிடும்.

சென்சாருக்கு மல்டிமீட்டர். வயரைக் கழற்றி, முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே ஓம் பாருங்கள். இன்ஜின் நிற்கையில் 10ஐ ஒட்டியோ 240ஐ ஒட்டியோ வர வேண்டும். ஓடவிட்டு ரேஸ் கொடுக்கும்போது எண் குதிக்காமல் நகர வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் கம்ப்ரசர் இன்ஜின் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடுவது. முனை சுருளின் ஒரே இடத்தில் அதிர்ந்து அதிர்ந்து அங்கே மட்டும் பள்ளம் விழும். முள் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே ஆடுகிறது, மற்ற இடங்களில் ஒழுங்காகப் போகிறது என்றால் இதுதான் காரணம். முனையில் ஆயில் ஈரம் தெரிந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். முள் சோம்பலாக ஏறினால் சென்சாரின் சிறு துவாரத்தில் கசடு இருக்கும். டீசலில் ஊறவைக்கலாம்; கம்பி விட்டுக் குத்தினால் சவ்வு போகும்.

எர்த்தைத்தான் பலரும் கடைசியில் பார்க்கிறார்கள். ஒற்றை வயர் சென்சாரின் எர்த் அதன் மரை வழியாகவே போகிறது. மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் அறுபடலாம். இன்ஜினோ ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டை துருவேறினால் இன்ஜின் முழுக்கவே எர்த் தேடி அலையும். ஹெட்லைட் போட்டதும் ஆயில், டீசல், ஹீட் மூன்று முள்ளும் சேர்ந்து நகர்ந்தால் சென்சாரைத் தொடாதீர்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் பிடித்து ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை கெட்டது. ஐரோப்பிய வகையில் எர்த் கெட்டால் தடை கூடும், முள் மேலே போகும். தொடக்கத்தில் சொன்ன, நல்ல செய்தி மட்டுமே காட்டும் முள் இப்படித்தான் உருவாகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் முள் தாழ்வாகவே இருந்தால், சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் டெஸ்ட் மீட்டரை மாட்ட வேண்டும். கடைசித் தீர்ப்பு இதனுடையது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிங்கிலும் முழு வேகத்திலும் குறித்துக்கொண்டு, அந்த இன்ஜினின் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பிரஷரில் ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) என்பது 14.2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு); அலகு மாறிப் படித்துப் பயப்பட வேண்டாம். சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. அதன் சுவிட்ச் பெரும்பாலும் 5 முதல் 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால்தான் விளக்கைப் போடும்; முழு வேகத்தில் ஓடும் லோடு வண்டிக்கு அது மிகத் தாமதமான எச்சரிக்கை.

டெஸ்ட் மீட்டரும் குறைவு என்றால் முள் சொன்னது நிஜம். அப்போதும் நேராக பேரிங்குக்குப் போக வேண்டியதில்லை. ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் டீசல் கலந்து நீர்த்திருக்கிறது. எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி குறைவு என்றால் கூடுதல் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். ரேஸ் கொடுக்கக் கொடுக்க இறங்கினால் சம்ப்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) உள்ள சல்லடை அடைப்பு. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போது மட்டும் முள் விழுந்து எழுந்தால், முதலில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஆயில் ஒருபுறம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. ஓடும்போது முள் விழுந்து விளக்கும் எரிந்தால் மேலே சொன்ன ஆராய்ச்சி எதுவும் அப்போது வேண்டாம், வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

புதுச் சென்சார் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் மரையையும் ஓமையும் ஒப்பிடுங்கள். இரண்டு முனை உள்ளதில் ‘ஜி’ மீட்டருக்கு, ‘டபிள்யூகே’ விளக்குக்கு. புதுச் செம்பு வாஷர் போட்டு, டேப் இல்லாமல் இறுக்கினால் போதும். அதிர்வு கடுமையான ரிக் இன்ஜினில் சென்சாரை ஒரு ரப்பர் ஹோஸ் வைத்துத் தள்ளி, சேஸிஸில் கிளாம்ப் செய்வது நல்ல வழக்கம். ஆனால் அப்படிச் செய்தால் இன்ஜின் மரை வழியான எர்த் கிடைக்காது. சென்சார் உடலிலிருந்து இன்ஜின் பிளாக்குக்குத் தனி எர்த் வயர் இழுத்துவிட வேண்டும்.