வாஷிங் மெஷினைச் சாகடிக்கும் சின்னக் கெபாசிட்டர்

ஓடாமல் நின்றுபோன வாஷிங் மெஷினைப் பிரித்துப் பார்த்தால் பல சமயம் எரிச்சல்தான் வரும். மோட்டார் நன்றாக இருக்கும். டிரம்மில் ஒரு கீறல்கூட இருக்காது. பம்பும் ஓடும். கண்ட்ரோல் போர்டில், சுண்டுவிரல் நுனி அளவே உள்ள ஒரு கெபாசிட்டரின் தலை மட்டும் லேசாகப் புடைத்திருக்கும். அறுபது எழுபது கிலோ இயந்திரத்தை நிறுத்திவிட்ட அந்தப் பொருளின் எடை இரண்டு மூன்று கிராம். “போர்டு போச்சு, மாத்தணும்” என்பார் மெக்கானிக். புது போர்டின் விலையைக் கேட்டதும் பாதிப் பேர் புது மெஷினே வாங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கெபாசிட்டருக்கு என்னதான் ஆகிறது? சுவரிலிருந்து வருவது மாறுமின்சாரம். போர்டிலுள்ள சிப்புக்கு வேண்டியது அலையாத நேர்மின்சாரம். இரண்டுக்கும் நடுவில், ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சமன்செய்து கொடுப்பதுதான் இதன் வேலை. உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவில் திரவத்தில் ஊறிய காகிதம், எல்லாம் சேர்த்துச் சுருட்டி ஒரு சின்ன அலுமினியக் குப்பியில் அடைத்து, அடியில் ரப்பரால் மூடியிருப்பார்கள். அந்த ரப்பர் வழியாகத் திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. மூடியைச் சரியாக மூடாத ஸ்கெட்ச் பேனா உலர்வது மாதிரிதான். திரவம் குறையக் குறைய உள்மின்தடை கூடும். தடை கூடினால் கெபாசிட்டரே சூடாகும். சூடானால் இன்னும் வேகமாக உலரும். உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும்போது, வெடிக்காமல் திறந்துகொள்ளட்டும் என்று தலையில் முன்கூட்டியே கீறி வைத்திருக்கும் கோடுகள் புடைக்கின்றன. அதற்குள் சிப்புக்குப் போகும் மின்னழுத்தம் தள்ளாட ஆரம்பித்திருக்கும். விளக்குகள் கண்சிமிட்டும், பாதித் துவைப்பில் மெஷின் நிற்கும், அணைத்துப் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு அதுவும் இல்லை.

இதன் ஆயுளைக் குப்பியின் பக்கவாட்டில் பாதி அச்சடித்தே விற்கிறார்கள். 105 டிகிரி என்று போட்டிருக்கும். தயாரிப்பாளரின் தகவல் தாளில் 2,000 மணி நேரம் என்றிருக்கும். அதாவது 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் 2,000 மணி நேரம் வரை தரம் குன்றாது. வெறும் 83 நாள்! ஆனால் வெப்பம் 10 டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் பழைய கணக்கு. 85 டிகிரியில் 8,000 மணி. 65 டிகிரியில் 32,000 மணி, விடாமல் ஓடினால் மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். 45 டிகிரியில் 1,28,000 மணி, பதினான்கு ஆண்டுக்கும் அதிகம். அதே கெபாசிட்டர்தான். சூடாகும் டிரான்சிஸ்டரின் பக்கத்தில் வைத்தால் ஓர் ஆயுள், அங்கிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்தால் வேறோர் ஆயுள். 5,000 மணி நேர ரகத்தைப் போட்டிருந்தால் இன்னும் இரண்டரை மடங்கு. விலை வித்தியாசம் அற்பம். ஆனால் பத்து லட்சம் போர்டு செய்கிறவருக்கு அற்பமும் பெருந்தொகைதான்.

துணி துவைப்பது நாளுக்கு ஒரு மணி நேரம்தானே என்று நினைக்கலாம். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டே வைத்திருந்தால், பட்டனை அமுக்குகிறீர்களா என்று பார்த்துக்கொண்டு போர்டின் ஒரு பகுதி எப்போதும் விழித்தே இருக்கும். துவைக்காத 23 மணி நேரமும் கெபாசிட்டருக்கு வயதாகிறது.

சால்டரிங்கிலும் ஒரு மாற்றம் நடந்தது. முன்பு போர்டில் பாகங்களை ஒட்டியது வெள்ளீயமும் காரீயமும் கலந்த சால்டர். 183 டிகிரியில் உருகும், மெத்தென்று இருக்கும். காரீயம் நஞ்சு என்பதால் 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கட்டுப்படுத்தியது. உலகச் சந்தைக்குச் செய்கிற எல்லோரும் மாறினார்கள். இப்போது பரவலாக இருப்பது வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை. உருகுநிலை 217 டிகிரிக்கு மேல், அதோடு கொஞ்சம் விறைப்பும் அதிகம். போர்டு சூடாகிக் குளிர்ந்து விரிந்து சுருங்கும்போது, ரிலே போன்ற கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிசல் விழும். நல்ல மெக்கானிக் பூதக்கண்ணாடியில் பார்த்து, சால்டரிங் அயர்னால் ஒரு தொடு தொட்டு மெஷினுக்கு உயிர் கொடுத்துவிடுவார். காரீயத்தை நீக்கியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது.

பழைய மெஷினில் போர்டே கிடையாது. குட்டி மோட்டார் ஒன்று பல்வரிசை வெட்டிய சக்கரங்களை மெதுவாகச் சுழற்றும். பல் மேலேறும்போது செம்புத் தகடு தொடும், தண்ணீர் வரும். இறங்கினால் விலகும், நிற்கும். கரி பிடித்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். அப்படியே விட்டிருக்கலாமே? விட முடியவில்லை, காரணம் மின்கட்டணம். 1970களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற சராசரி ஃபிரிட்ஜ் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் மின்சாரம் குடித்தது. இன்றைய ஃபிரிட்ஜ் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் குடிப்பதில்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரசர், சென்சார், தேவைக்கேற்ப மாறும் வேகம் எல்லாம் சிப் இல்லாமல் நடக்காது. நாற்பது வருடம் உழைத்த பழைய ஃபிரிட்ஜைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் அது தின்ற மின்சாரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதிருக்கட்டும், முன்பைவிடச் சீக்கிரம் பழுதாகிறது என்பது உண்மைதானா? பழையவற்றில் இன்றைக்கும் ஓடுவது மட்டும்தான் நம் கண்ணில் படுகிறது. பாதியில் செத்தவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. இந்த மயக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டுமானால் எண்கள் வேண்டும். ஜெர்மனியின் சுற்றுச்சூழல் முகமைக்காக நடந்த ஓர் ஆய்வில் அது கிடைக்கிறது. பழுதானதால் ஐந்து ஆண்டுக்குள்ளாகவே மாற்ற வேண்டிவந்த பெரிய வீட்டுக் கருவிகளின் பங்கு, 2004-ல் 3.5 சதவீதம்; 2012 வாக்கில் 8.3 சதவீதம். சராசரி ஆயுளோ 14.1 ஆண்டிலிருந்து 13-ஆகத்தான் குறைந்தது. எல்லாமே சீக்கிரம் சாகவில்லை. அற்பாயுளில் போகிறவை இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருக்கின்றன.

இரும்புப் பகுதிகளின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. துணியைப் பிழியும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். நிமிடத்துக்கு 600 சுற்றில் பிழிந்த டிரம்மை 1,200 சுற்றுக்கு ஏற்றினால் விசை நான்கு மடங்கு. கால் மீட்டர் ஆரமுள்ள டிரம்மில் 1,200 சுற்றென்றால் ஈரத்துணி தன் எடையைப் போல 400 மடங்கு கனத்துடன் சுவரை அழுத்துகிறது. துணி ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டால் அத்தனை விசையும் பேரிங்கைக் கோணலாக இழுக்கும். டிரம்மின் முதுகில், அதை அச்சோடு பிணைக்கும் மூன்று கைத் தாங்கி ஒன்றுண்டு. தொழிலில் ஸ்பைடர் என்பார்கள். டிரம் துருப்பிடிக்காத எஃகு, ஸ்பைடர் பெரும்பாலும் அலுமினியக் கலவை. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு, நடுவில் சோப்புத் தண்ணீர்: மின்கலமே உருவாகிவிட்டது. அதில் கரைவது அலுமினியம். சோப்புத்தூளின் காரத்தன்மையும் சேர்ந்து அரிக்கிறது. போதாக்குறைக்கு எஃகைப் போல அலுமினியத்துக்கு ‘இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைந்தாலும் உடையாது’ என்ற எல்லை கிடையாது. சின்ன விசையாக இருந்தாலும் கோடி முறை வந்தால் ஒருநாள் விரிசல் விடும். அந்த நாளில் பிழியும்போது கேட்கும் சத்தம் வீட்டையே எழுப்பும்.

பேரிங் தேய்ந்தால் மாற்றினால் போதும், பேரிங் ஒன்றும் அரிய பொருள் இல்லை. ஆனால் பல மாடல்களில் டிரம்மைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு இணைக்காமல் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே போக வழியில்லை. ஒன்று ரம்பத்தால் அறுக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டியோடு மாற்ற வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தால் யாரோ திட்டம் போட்டுச் சாகடிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். வரலாற்றில் அப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு நிறுவனங்கள் 1924-ல் ஜெனீவாவில் ஃபீபஸ் என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்கு இறக்கின. அதைத் தாண்டி எரியும் பல்பைச் செய்த உறுப்பினருக்கு அபராதம். (இழையைச் சூடாக எரித்தால் அதே மின்சாரத்துக்கு அதிக வெளிச்சம் கிடைக்கும், ஆயுள் குறையும் என்பதும் இயற்பியல்தான். அவர்களிடம் சாக்கு இருந்தது.) ஆனால் இன்றைய வாஷிங் மெஷினுக்குள் ரகசியக் கடிகாரம் எதுவும் இருப்பதாக நான் நம்பவில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

அன்றைய பொறியாளர் ஸ்லைடு ரூல் என்ற கணக்கிடும் அளவுகோலை வைத்து விசையைக் கணக்கிட்டார். விடை தோராயம் என்று அவருக்கே தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டை இரண்டு மடங்கு தடிமனாகப் போட்டார். அந்த அறியாமைதான் பழைய கருவிகளுக்கு ஆயுளாக வாய்த்தது. 1947-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் லாரன்ஸ் மைல்ஸ், ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது, அதே வேலையை இன்னும் மலிவாகச் செய்ய முடியாதா என்று கேட்கும் முறையைத் தொடங்கினார். பிறகு கணினி வந்தது. எந்த மூலையில் எவ்வளவு விசை விழும் என்று திரையில் வண்ணம் வண்ணமாகக் காட்டியது. விசை விழாத இடத்தில் உலோகம் எதற்கு? செதுக்கினார்கள். எஃகு இருந்த இடத்தில் பிளாஸ்டிக், செம்புச் சுருள் இருந்த இடத்தில் அலுமினியச் சுருள். உத்தரவாதக் காலம் முடியும்வரை தாங்குமா என்று சோதித்தார்கள், தாங்கியது. அதற்கு மேல் தாங்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. மலிவு விலை வேண்டும் என்று கேட்டவர்களில் நாமும் உண்டு.

பலவீனமான பாகம் இருப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. மிக்ஸியின் கப்ளரைப் பாருங்கள். ஜாரில் ஏதாவது சிக்கி பிளேடு இறுகிவிட்டால், மோட்டார் கருகும் முன்பாகக் கப்ளரின் பல் மழுங்கிவிடும். அது தன்னைப் பலிகொடுத்து மோட்டாரைக் காப்பாற்றுகிறது. வெளியே தெரியும் இடத்தில் இருக்கிறது, கழற்றிப் புதிதாகத் திருக ஐந்து நிமிடம். கெபாசிட்டரும் இப்படித்தான் இருந்திருக்கலாம். ஆனால் தண்ணீர் படாதிருக்க போர்டு முழுவதையும் பிசின் ஊற்றி மூடியிருந்தால், மூன்று கிராம் பாகத்தை மட்டும் மாற்றுவது எப்படி?

2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் இங்கேதான் கை வைத்திருக்கிறது. வாஷிங் மெஷின் மாடலின் விற்பனை நின்ற பிறகும் பத்து ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும், கேட்டால் 15 வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும், சாதாரணக் கருவிகளால் மாற்ற முடிய வேண்டும். மோட்டார், பம்ப், போர்டு எல்லாம் பட்டியலில் உண்டு. டிரம், ஸ்பைடர், பேரிங்கும் உண்டு. ஆனால் அந்த வரியில் ஒரு சலுகை இருக்கிறது: அவற்றைத் தனித்தனியாகவும் தரலாம், மொத்தமாகச் சேர்த்தும் தரலாம். பேரிங் கேட்டவரிடம் டிரம்மையும் சேர்த்து விற்றாலும் சட்டப்படி சரி.