சொற்கள் கப்பலேறிய வரிசை

ஸ்பானிய மொழி பயிலும் வாசகர் ஒருவர், அவகாடோ பழத்தை மெக்சிகோவில் ‘அகுவாகாத்தே’ என்றும் பெருவில் ‘பால்தா’ என்றும் சொல்கிறார்களே, இவற்றில் எது சரியான ஸ்பானியம் என்று கேட்டிருந்தார். இரண்டுமே சரிதான், ஆனால் இரண்டில் எதுவும் ஸ்பெயினில் பிறந்த சொல் அன்று. முன்னது மெக்சிகோவின் நாவாட்டில் மொழிக்கும், பின்னது ஆண்டிஸ் மலைநாட்டின் கெச்சுவா மொழிக்கும் உரியது. இன்றைய எக்குவடோரின் தெற்கே, லோஹா பகுதியில் வாழ்ந்த பால்தா மக்களின் நாட்டிலிருந்து இன்கா மன்னர்கள் அப்பழத்தைக் கொண்டுவந்ததால் அப்பெயர் ஏற்பட்டது என்று பெருவில் பிறந்த வரலாற்றாசிரியர் இன்கா கார்சிலாசோ எழுதிவைத்திருக்கிறார். வியப்பு என்னவென்றால், அதே எக்குவடோரில் இன்று வழங்குவது ‘அகுவாகாத்தே’தான்.

புதிய நிலத்தில் புதிய பொருளைக் காண்பவர்கள் அந்நிலத்துப் பெயரையே எடுத்துக்கொள்வது இயல்பு. அப்படியானால் பெருவின் ஸ்பானியத்தில் மக்காச்சோளத்துக்குக் கெச்சுவாச் சொல்லான ‘சாரா’வும், மிளகாய்க்கு ‘உச்சு’வும் நிலைத்திருக்க வேண்டும். ஆனால் லிமாவின் சந்தையில் மக்காச்சோளம் ‘மாயிஸ்’, மிளகாய் ‘அஹீ’, நிலக்கடலை ‘மனீ’. இம்மூன்றும் பெருவிலிருந்து வெகுதொலைவிலுள்ள கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்களின் சொற்கள்.

இதற்கு விடை காலவரிசையில் இருக்கிறது. கொலம்பஸ் தீவுகளை அடைந்தது 1492இல். ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸ் மெக்சிகோவில் இறங்கியது 1519இல். இன்னொரு ஸ்பானியப் படைத்தலைவரான பிசாரோ, பெருவில் இன்கா மன்னன் அதாவல்பாவைச் சிறைப்பிடித்தது 1532இல். மெக்சிகோவுக்குச் செல்லுமுன் ஒரு தலைமுறைக் காலம் ஸ்பானியர் தீவுகளிலேயே குடியிருந்து, அங்கே உண்டு, அங்கே பயிரிட்டு, அங்குள்ள பெயர்களைத் தம் நாவில் பழக்கிக்கொண்டார்கள். சுமார் 1495இல் வெளிவந்த, ஸ்பானிய இலக்கண அறிஞர் நெப்ரிஹாவின் அகராதியிலேயே, தோணியைக் குறிக்கும் தாயினோச் சொல்லான ‘கனோவா’ இடம்பெற்றுவிட்டது. பின்னர் பெருநிலத்தில் கால்வைத்தபோது அவர்களுக்கு மக்காச்சோளமும் மிளகாயும் புதியவையாக இல்லை. ஆகவே புதுப்பெயர் தேவைப்படவில்லை. ஆண்டிஸ் ஊர்த்தலைவர்களைக்கூட, அவர்களுக்கென ‘குராகா’ என்ற சொல் இருந்தும், தீவுகளில் கற்ற ‘கசிக்கே’ என்ற சொல்லாலேயே அழைத்தார்கள். தீவுகளில் காணாத உருளைக்கிழங்கையும் லாமா என்ற சுமைவிலங்கையும் பார்த்தபோதுதான் கெச்சுவாவின் ‘பாப்பா’வையும் ‘யாமா’வையும் கடன் வாங்கினார்கள். முதலில் ஒட்டிய பெயரை அடுத்த பெயர் எளிதில் பெயர்ப்பதில்லை என்ற இந்த ஒரு விதி, ஒரு பேரரசு நகர்ந்த வழியைச் சமையலறைச் சொற்களிலேயே பதித்து வைத்திருப்பது எனக்குப் பேரழகாகத் தோன்றுகிறது. அச்சொற்களைத் தந்த தாயினோ மக்களோ நோயாலும் கட்டாய உழைப்பாலும் சில பத்தாண்டுகளுக்குள் பெரும்பாலும் அழிந்துபோனார்கள் என்பதை வேதனையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த விதி மெக்சிகோவில் ஓரளவே செல்லுபடியானது. மக்கள் நெருங்கி வாழ்ந்த நாடு அது. பாதிரிமார்கள் நாவாட்டில் கற்று அம்மொழியிலேயே போதித்தார்கள். எனவே அங்கே மிளகாய் ‘சீலே’யாகவும், நிலக்கடலை ‘ககவாத்தே’யாகவும் நின்றுவிட்டன. முற்றிய தானியத்துக்கு ‘மாயிஸ்’ புகுந்தபோதும், அவித்துத் தின்னும் இளங்கதிர் மெக்சிகோவில் ‘எலோத்தே’, ஆண்டிஸ் நாடுகளில் ‘சோக்ளோ’ என்றே நீடிக்கிறது. வணிகப் பொருளான தானியம் கப்பலில் வந்த பெயரை ஏற்க, அடுப்படிப் பண்டமான கதிர் உள்ளூர்ப் பெயரைக் காத்துக்கொண்டது என்று கருதுகிறேன்.

பிற்காலப் பொருள்களுக்கு வேறு வழிகள். கணினியை ஸ்பெயினில் பிரெஞ்சைப் பின்பற்றி ‘ஓர்தெனதோர்’ என்றும், லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘கொம்புத்ததோரா’ என்றும் சொல்கிறார்கள்.

இவற்றையெல்லாம் ஊர் ஊராகச் சென்று, முதியவர்களிடம் பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்டுப் பதிவுசெய்தால்தான் எந்தச் சொல் எந்த எல்லையில் மாறுகிறது என்பது தெரியும். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவிலுள்ள காரோ இ குயெர்வோ என்ற மொழி ஆய்வு நிறுவனம் பல ஆண்டுக் களப்பணிக்குப் பிறகு, 1980களின் தொடக்கத்தில் கொலம்பியாவின் மொழி வரைபடத்தை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. இத்தகைய பணிக்கு உடனடிப் பயன் என்ன என்று கேட்டு நிதியை மறுப்பது பெருந்தவறு. விடை சொல்லக்கூடிய முதியவர்கள் அடுத்த நிதியாண்டுவரை காத்திருக்க மாட்டார்கள்.